மற்றும் பலர்

காஞ்சிபுரத்தில், கலைஞர்களுக்கு அடையாள அட்டை கொடுக்கிற ஆபீஸில், தகரப் பெட்டியைத் திறந்து மேஜைமேல் கவிழ்த்தபோது லோகநாயகிக்கு மனசில் ஒரு சந்தேகமும் இல்லை. அத்தனையும் நாடக நோட்டீஸ். ரோஸ் காகிதம், மஞ்சள் காகிதம், பிற்பாடு வந்த வழவழப்புக் காகிதம். வங்கி ஊழியர் மன்றம், ரயில்வேக்காரர் மன்றம், மில் தொழிலாளர் மன்றம், கடலோர டவுன்ஷிப்பின் சாகர் நாடக மன்றம் என்று செங்கல்பட்டைச் சுற்றி அவள் ஏறாத மேடை இல்லை. இருபத்தைந்து வருஷம். அறுநூறு நாடகத்துக்குக் குறையாது.

கிளார்க் திருநாவுக்கரசு பொறுமைசாலி. ஒவ்வொரு நோட்டீஸாக எடுத்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டிக்கொண்டே போனார். பத்து பார்த்தார், இருபது பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"அம்மா, இதுல உங்க பேரு எங்க?"

அவள் குனிந்து பார்த்தாள். கதாநாயகன் பேர் இருந்தது. வில்லன் பேர் இருந்தது. ஒரே ஒரு காட்சியில் தந்தி கொண்டுவந்து கொடுத்த ஆளின் பேர், அவருடைய பட்டத்தோடு இருந்தது. ஒலி, ஒளி, திரை இழுத்தவர், மாலை உபயம் எல்லாம் இருந்தது. அடி வரியில், அச்சுக்காரன் கையில் இருந்ததிலேயே பொடி எழுத்தில், "மற்றும் பலர்" என்று இருந்தது. லோகநாயகி அதன்மேல் விரலை வைத்தாள்.

"இதான் சார் நான்," என்றாள்.

திருநாவுக்கரசு சிரிக்கவில்லை. அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அச்சில் பேர் இருக்கிற நோட்டீஸ் ஒன்று வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு மன்றம் தன் லெட்டர்பேடில், இவர் எங்கள் நாடகங்களில் நடித்தவர் என்று முத்திரை வைத்துக் கொடுத்த கடிதம் வேண்டும், ஒன்றே ஒன்று போதும், நானே கையெழுத்துக்கு எடுத்துப் போகிறேன் என்றார். லோகநாயகி நோட்டீஸ்களை அள்ளிப் பெட்டியில் திணித்தாள். மூடி சாத்தவில்லை. முழங்காலால் அழுத்திச் சாத்தினாள்.

அந்த அட்டையை வைத்துக்கொண்டு அவள் கோட்டை கட்டப் போவதில்லை. இரண்டு வருஷத்துக்கு முன், ஜனத்தொகைக் கணக்கெடுக்க வந்த வாத்தியார் தொழில் என்னவென்று கேட்டார். நாடக நடிகை என்று சொன்னாள். மனுஷன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வீட்டு வேலை" என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். வாசல் வரை துரத்திப் போய்க் கேட்டும் மாற்றவில்லை. அன்றைக்குப் பிடித்தது அவளுக்கு இந்த வெறி. சர்க்கார் காகிதம் ஒன்றில், தன் பேருக்கு நேரே, நாடக நடிகை என்று எழுதியிருக்க வேண்டும். செத்துப் போவதற்குள் அதைப் பார்த்துவிட வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் காசிநாதன் அவள் முகத்தைப் பார்த்தான். அவள் புருஷன். செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். இருபது வருஷமாக அவளை நாடகத்துக்குக் கொண்டுபோய் விட்டு, முடிகிற வரைக்கும் காத்திருந்து அழைத்து வருகிறவன்.

"இன்னா, மூஞ்சிய இப்டி வெச்சினுகீற?"

சொன்னாள். அவன் நோட்டீஸ்களைப் புரட்டிப் பார்த்தான். இத்தனை வருஷம் இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன், அவனும் இதைக் கவனித்ததில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தன்மேலேயே எரிச்சல். பேர் போடுகிறார்களா என்று ஒரு நாளாவது பார்த்தாளா? வசனத்தைப் பார்த்தாள், புடவையைப் பார்த்தாள், கடைசி பஸ்ஸைப் பார்த்தாள்.

அவள் திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் விவசாயக் குடும்பத்துப் பெண். பதினெட்டு வயதில் செங்கல்பட்டு நாடகக் குழு ஒன்றில் சேர்ந்தாள். அப்பா ஆறு மாதம் பேசவில்லை. குழு மூன்று வருஷத்தில் கலைந்தது. அதற்குப் பிறகு மன்றங்கள் கூப்பிட்டன. இந்த மன்றங்களின் லட்சணத்தைச் சொல்ல வேண்டும். எல்லாரும் ஆபீஸில் நல்ல உத்தியோகம் பார்க்கிறவர்கள். கலை ஆர்வம் பொங்கி வழிகிறவர்கள். ஆனால் அவர்கள் வீட்டுப் பெண்கள் மேடை ஏறக் கூடாது. அவர்கள் முன் வரிசையில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மேடையில் அழுவதற்கும் அறை வாங்குவதற்கும் தாலியைக் கண்ணில் ஒற்றிக்கொள்வதற்கும் வெளியிலிருந்து ஒருத்தி வர வேண்டும். வந்தவள் பேரை நோட்டீஸில் போட்டால், வெளியாளைக் கூட்டி வந்தது வெளியே தெரிந்துவிடுமாம். என்ன கௌரவம் பார்த்தீர்களா!

வந்தவள் சும்மா வரவில்லை. ஒத்திகைக்கு அவளை ஒரு நாள்தான் கூப்பிடுவார்கள். அந்த ஒரு நாளில் தன் வசனத்தோடு எல்லாருடைய வசனத்தையும் கரைத்துக் குடித்துவிடுவாள். வேறு வழி? ஆபீஸர் கதாநாயகர்களுக்கு மேடையில் கால் வைத்ததும் பாதி வசனம் பறந்துவிடும். திரைக்குப் பின்னால் புத்தகத்தோடு நிற்கிற ஆள் கத்தினால் சபைக்குக் கேட்கும். ஆகவே லோகநாயகிதான் எடுத்துக் கொடுப்பாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்முவாள். முந்தானைக்குள்ளிருந்து கதாநாயகனுக்கு அடுத்த வரி போகும். காபி டம்ளரை நீட்டும்போது ஒரு வரி, சட்டைக் காலரைச் சரிசெய்யும்போது ஒரு வரி. ஜனங்கள், ஆகா என்ன உருக்கமாக அழுகிறாள் என்பார்கள். அவள் அழுகிற இடமெல்லாம் எதிரே நிற்கிறவர் மறந்துபோன இடம்.

இப்படி அவளிடம் அதிகம் வரி வாங்கியவர் லக்ஷ்மிநாராயணன். சாகர் நாடக மன்றத்தின் செயலாளர், கதாசிரியர், டைரக்டர், நிரந்தரக் கதாநாயகன், நாலும் அவரே. டவுன்ஷிப்பில் பெரிய ஆராய்ச்சி அதிகாரி. அவரிடம்தான் லோகநாயகி போய் நின்றாள். நாற்பத்திரண்டு நாடகத்தில் நடித்திருக்கிறேன், ஒரு கடிதம் கொடுங்கள் என்றாள். அவர் உட்காரச் சொன்னார், மோர் வரவழைத்தார், விதியை எடுத்துச் சொன்னார். மன்றத்தில் உறுப்பினர் அல்லாதவருக்குச் சான்றிதழ் தர இடமில்லையாம்.

"அதனால என்னம்மா? வெள்ளி விழாவுக்கு நம்ம முதல் நாடகத்தையே திரும்பப் போடறோம். நீங்க நடிக்கறீங்க. நோட்டீஸ்ல உங்க பேரைப் போட்டுடறேன், போதுமா?"

போதும் என்றாள். கூலிகூட வேண்டாம், பேர் மட்டும் போடுங்கள் என்றாள். அவர் தலையாட்டினார்.

முதல் நாடகத்தில் அவள் கதாநாயகி. லக்ஷ்மிநாராயணன் கதாநாயகன். ஆகவே பழைய வேஷம்தான் என்று நினைத்துக்கொண்டு ஒத்திகைக்குப் போனாள். போனால், கதாநாயகியாக ஜெஸ்ஸி என்ற காலேஜ் பெண் நின்றுகொண்டிருந்தாள். மன்றத்து உறுப்பினர் ஒருவரின் மகள். காலம் மாறிவிட்டது, இப்போது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் மேடை ஏறலாம். நல்ல பெண். வாய் நிறைய ஆன்ட்டி ஆன்ட்டி என்றது. சரி, லோகநாயகிக்கு நாற்பத்தேழு வயது, இனிமேல் மாலை மாற்றுகிற காட்சி வேண்டாம்தான். அப்படியானால் கதாநாயகன் யார்? அதே லக்ஷ்மிநாராயணன்! ஐம்பத்தேழு வயது. மை பூசிய தலை. இருபத்தெட்டு வயது வாலிபன் வேஷம். லோகநாயகி அவருக்கு அம்மா. பத்து வயது இளையவள் பெற்ற பிள்ளை அவர். காசிநாதன் இதைக் கேட்டுவிட்டு ஆட்டோ ஸ்டியரிங்மேல் விழுந்து விழுந்து சிரித்தான். லோகநாயகிக்கும் சிரிப்பு வந்தது, சிரித்து முடித்ததும் எரிந்தது. பேர் வருகிறது, போகட்டும் என்று விழுங்கிக்கொண்டாள்.

விழா அன்று பிற்பகல் நாலு மணிக்கு டவுன்ஷிப் அரங்கத்துக்குள் நுழைந்தபோது, வாசலில் நோட்டீஸ் கட்டு இருந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்து. ஒன்றை உருவினாள். கதாசிரியர், டைரக்டர், கதாநாயகன் என்று லக்ஷ்மிநாராயணன் பேர் மூன்று இடத்தில். செல்வி ஜெஸ்ஸி. தந்தி கொண்டுவருகிறவர். பிறகு அடி வரி. அதே பொடி எழுத்து.

ஒப்பனை அறையில் போய் நோட்டீஸை அவர் முன்னால் வைத்தாள். லக்ஷ்மிநாராயணன் கண்ணாடியில் மீசையை ஒட்டிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"கமிட்டில ஒத்துக்கலம்மா. உறுப்பினர், உறுப்பினர் குடும்பத்தார் பேர் மட்டும்தான் போடலாம்னு விதி. நான் ஒருத்தன் என்ன பண்றது? மனசுல வெச்சுக்காதீங்க."

அந்தக் கமிட்டிக்குத் தலைமை வகித்தவரே அவர்தான். லோகநாயகி அப்படியே பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். வாசலில் ஆட்டோ நிற்கிறது. ஆனால் அறுநூறு மேடையில் ஒன்றைக்கூட அவள் பாதியில் விட்டதில்லை. காய்ச்சலோடு நடித்திருக்கிறாள். அப்பா செத்த பதினாறாம் நாள் திருப்போரூரில் கல்யாணப்பெண்ணாக நடித்திருக்கிறாள். உட்கார்ந்து தலைக்கு வெள்ளைப் பொடி தூவிக்கொண்டாள். ஆத்திரத்தில் கொஞ்சம் அதிகமாகவே தூவிவிட்டாள்.

ஒலிபெருக்கிக்காரன் வரதன் வந்து அவள் முந்தானை ஓரத்தில் குட்டி மைக் ஒன்றைக் குத்தினான். வெள்ளி விழாவுக்காகப் புதுசாக எடுத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்று.

"அக்கா, முன்னமாரி தொங்குற மைக்கு இல்ல இது. மூச்சு வுட்டா கடைசி வரிசைக்கு கேக்கும். உசாரா இரு."

அவளுக்குச் சட்டென்று உறைத்தது. அப்படியானால் இன்றைக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. இவ்வளவு கோபத்திலும் தொழில் புத்தி போகவில்லை. திரும்பவும் லக்ஷ்மிநாராயணனிடம் போனாள். இந்த மைக் குசுகுசு என்று பேசினாலும் காட்டிக்கொடுத்துவிடும், என்னால் இன்று வரி தர முடியாது, கடைசிக் காட்சியை மட்டும் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் சார் என்று தணிந்த குரலில்தான் சொன்னாள். பக்கத்தில் ஜெஸ்ஸி இருந்தாள், தந்திக்காரர் இருந்தார், இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். லக்ஷ்மிநாராயணன் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"எனக்கு நீங்க எடுத்துக் குடுக்கறீங்களா? நாடகமே நான் எழுதினதும்மா."

தந்திக்காரரும் சிரித்தார். லோகநாயகி தன் இடத்துக்கு வந்துவிட்டாள். நாற்பத்திரண்டு நாடகத்தை முந்தானைக்குள் வைத்துத் தாங்கியவளுக்கு இதுதான் பதில்.

ஆறரைக்குத் திரை தூக்கினார்கள். அரங்கம் நிரம்பி வழிந்தது. கதை இதுதான்: ஏழைத் தாயின் மகன் பெரிய அதிகாரி ஆகிறான். கூட வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்கு வரும்போது, அம்மாவைச் சமையற்காரி என்று சொல்லிச் சமாளிக்கிறான். வருஷக்கணக்காகச் சமாளிக்கிறான். கடைசிக் காட்சியில், விருந்துக்கு வந்தவர்கள் முன்னால் மனசு உடைந்து, இவர் யார் என்று சொல்லிவிடுகிறான். மன்றத்தின் முதல் நாடகமே இதுதான். எழுதியவர் கண்ணில் நீர் வர எழுதியிருக்கிறார்.

முதல் ஒரு மணி நேரம் லக்ஷ்மிநாராயணன் எப்படியோ ஓட்டிவிட்டார். ஜெஸ்ஸி நன்றாகவே செய்தாள். கடைசிக் காட்சி வந்தது. விருந்தாளிகள் மேஜையைச் சுற்றி நின்றார்கள். அவர் லோகநாயகியின் கையைப் பிடித்து மேடையின் நடுவுக்கு இழுத்து வந்தார். குரலை உயர்த்தினார்.

"இத்தனை நாளா இவங்க யாருன்னு கேட்டீங்களே. இன்னிக்குச் சொல்றேன். இவங்க... இவங்க..."

அவ்வளவுதான். பறந்துவிட்டது. அவர் கண்களைப் பார்த்ததுமே லோகநாயகிக்குத் தெரிந்துவிட்டது, அந்தக் கண்களை அவளுக்கு இருபத்தைந்து வருஷமாகத் தெரியும். பழக்கம் அவரை விடவில்லை. தோளைச் சாய்த்து, முகத்தை அவள் பக்கம் திருப்பி, உதடு அசையாமல் கேட்டார்.

"என்னம்மா அடுத்தது?"

சட்டையில் குத்தியிருந்த மைக் அதைப் பத்திரமாக எடுத்துக் கடைசி வரிசை வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அரங்கம் ஒரு நொடி திகைத்தது. பிறகு பின் வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அது முன் வரிசை வரைக்கும் வந்தது. லக்ஷ்மிநாராயணனுக்கு முகத்தில் ஈயாடவில்லை. அப்போதும் அவர் கை அவள் கையைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தது.

லோகநாயகி முந்தானையை எடுத்தாள். வாயைப் பொத்தவில்லை. கண்ணை மட்டும் ஒற்றிக்கொண்டாள். உரக்கப் பேசவில்லை, பேச வேண்டிய அவசியமும் இல்லை.

"நோட்டீஸ்ல போடாத பேரைச் சொல்லுங்க சார். அடுத்த வரியைத் தரேன்."

சிரிப்பு நின்றது. முன் வரிசையில் பட்டுப்புடவைக்காரிகள் மடியில் இருந்த தங்க எழுத்து நோட்டீஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். இவளைக் கால் நூற்றாண்டாகப் பார்க்கிறார்கள். இவள் அழுதபோதெல்லாம் கூடச் சேர்ந்து அழுதிருக்கிறார்கள். பேர் என்ன? ஒருத்திக்கும் தெரியவில்லை. மேடையில் விருந்தாளிகளாக நின்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஜெஸ்ஸி மட்டும் லக்ஷ்மிநாராயணனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவருக்கு வேறு வழி இல்லை. எச்சில் விழுங்கிக்கொண்டு, "லோகநாயகி," என்றார். குரல் எழும்பவில்லை. மைக் எழுப்பிக் கொடுத்தது. "இவங்க பேரு லோகநாயகி."

முதலில் ஜெஸ்ஸிதான் கை தட்டினாள். பிறகு அரங்கமே தட்டியது. லோகநாயகி அது அடங்குகிற வரை நின்றாள். அடங்கியதும், சொன்ன வாக்குப்படி அவர் வரியை அவருக்குக் கொடுத்தாள், எல்லாருக்கும் கேட்கும்படியாகவே கொடுத்தாள். "'இவங்க சமையற்காரி இல்ல, என்னைப் பெத்த தாய்.' சொல்லுங்க சார்." அவர் சொன்னார். அதற்குமேல் மீதிக் காட்சி முழுவதையும் அவளே தூக்கிச் சுமந்தாள். ஐந்து நிமிஷம் முன்னால் சிரித்த ஜனம் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து போனது.

ஒப்பனை அறையில் யாரும் அவளோடு பேசவில்லை. பொன்னாடை எல்லாருக்கும் போர்த்தினார்கள், அவள் முறை வரும்போது தீர்ந்துபோயிருந்தது. ஆட்டோ மாமல்லபுரம் ரோட்டைத் தாண்டியதும் காசிநாதன் வேகத்தைக் குறைத்தான். அவன் அரங்கத்துக்கு வெளியே இருந்த ஒலிபெருக்கியில் எல்லாவற்றையும் கேட்டிருந்தான். பிறகு, "கைதட்டுன சத்தம் ஆட்டோ ஸ்டாண்டு வரிக்கும் கேட்டுச்சி," என்றான். அவள், கைதட்டலைக் கொண்டுபோய் அந்த ஆபீஸில் கொடுக்க முடியுமா என்று கேட்டாள்.

மூன்று வாரம் கழித்து ரிஜிஸ்டர் தபாலில் ஒரு கடிதம் வந்தது. சாகர் நாடக மன்றத்தின் லெட்டர்பேட். டைப் அடித்து, கையெழுத்துப் போட்டு, வட்ட முத்திரை குத்தியிருந்தது. காசிநாதன் வாசித்தான். பாதியிலேயே அவனுக்குக் கொதித்துவிட்டது.

"வேணாம்னு எழுதிக்கீறாங்க. இனிமே உன்ன கூப்ட மாட்டாங்களாம். இன்னா திமிரு பாத்தியா? இப்பவே போய் அந்த ஆள ரெண்டுல ஒண்ணு பாக்கறேன், சாவிய குடு."

அவள் சாவியைக் கொடுக்கவில்லை. கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு தெருக் குழாய் வரைக்கும் போய்விட்டு வந்தாள். இருபத்தைந்து வருஷத்துக்குக் கடைசியில் கிடைத்தது இது. மோர் கொடுத்தான், மோசம் செய்தான், இப்போது தபால் செலவு பண்ணித் துரத்துகிறான். கண் கலங்கியது, அழுகை வரவில்லை. அழுகையெல்லாம் மேடையிலேயே செலவழிந்து போயிருக்கும். மறுபடியும் பிரித்து, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். படித்தவள் முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டாள். அதை மூன்று தரம் படித்தாள்.

ஆபீஸ் மனிதர்களுக்கு ஒரு பழக்கம். ஒரு ஆளை வெளியே தள்ளுவதானாலும், அவர் யார், எப்போது சேர்ந்தார், என்ன செய்தார் என்று முன்னுரை எழுதாமல் அவர்களுக்குக் கை ஓடாது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் காஞ்சிபுரம் போனாள். திருநாவுக்கரசு அப்போதுதான் வந்து, மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடிதத்தை அவர் முன்னால் விரித்து வைத்தாள். அவர் படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரும்பவும் படித்தார். அவளைப் பார்க்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"அம்மா, இது உங்கள நீக்கின லெட்டரும்மா."

"தெரியும் சார். நீக்கறதுக்கு முந்தி இன்னா எழுதிக்கீறாங்க? அத கொஞ்சம் சத்தமா படிங்க."

அவர் படித்தார். "பார்வை: செயற்குழுத் தீர்மானம் எண் ஏழு. செங்கல்பட்டைச் சேர்ந்த நாடக நடிகை திருமதி கா. லோகநாயகி என்பவர், 1978ஆம் ஆண்டு முதல் இம்மன்றத்தின் நாற்பத்திரண்டு நாடகங்களில் முக்கிய வேடங்களில் தொடர்ந்து நடித்து வந்தவர் ஆவார்..." அதற்குமேல் அவர் படிக்கவில்லை. பக்கத்து மேஜைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். திருநாவுக்கரசு லெட்டர்பேடைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. இழுப்பறையிலிருந்து விண்ணப்பப் படிவத்தை எடுத்து, பேனாவை உதறிக்கொண்டு, பேர் எழுதினார், ஊர் எழுதினார். தொழில் என்ற இடத்தில் வந்து நிமிர்ந்தார்.

"நாடக நடிகை," என்றாள். அவர் எழுதுகிற வரைக்கும் அந்தப் பேனா முனையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எழுதி முடித்துவிட்டு அவர் கடிதத்தைப் படிவத்தோடு சேர்த்து ஊசி குத்தப் போனார். லோகநாயகி அவர் கையைத் தடுத்தாள்.

"ஜெராக்ஸ் எடுத்து வெச்சிக்குங்க சார். இத திருப்பிக் குடுத்துடுங்க. என் பேரு போட்ட நோட்டீஸு இது ஒண்ணுதான்."